கிளஸ்டரில் முதல் ஜாப் போடுவது எப்படி

மடிக்கணினியில் ஒரு மாதிரியின் (சாம்பிள்) தரவை ஓட்டி முடிக்க ஓர் இரவு ஆகிறது. கையில் இருப்பதோ 60 மாதிரிகள். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கிளஸ்டர், அதாவது பல கணினிகளை ஒன்றாக இணைத்து வைத்த ஏற்பாடு, அதன் பக்கம் வருகிறார்கள். கைடு சொல்லிவிடுவார், கணக்கும் திறந்து கொடுத்துவிடுவார்கள். உள்ளே நுழைந்தால் ஒரு டாலர் குறியும் சிமிட்டிக்கொண்டிருக்கும் கர்சரும்தான் இருக்கும். அங்கிருந்து முதல் ஜாப்பைப் போடுவது, அது ஓடாவிட்டால் ஏன் என்று பார்ப்பது, கடைசியில் 60 மாதிரிகளையும் ஒரே கட்டளையில் அனுப்புவது வரை இங்கே எழுதுகிறேன்.

கிளஸ்டரில் நிரலை நாமே நேரடியாக ஓட்டுவதில்லை. "எனக்கு இத்தனை கோர், இவ்வளவு மெமரி, இவ்வளவு நேரம் வேண்டும், கிடைத்ததும் இந்த ஸ்கிரிப்டை ஓட்டு" என்று எழுதிக் கொடுக்கிறோம். ஷெட்யூலர் அதை வாங்கி வரிசையில் வைத்து, இடம் காலியானதும் ஓட்டுகிறது. ஆகவே நிரல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, எவ்வளவு கேட்பது என்றும் தெரிய வேண்டும். புதியவர்களின் ஜாப் பாதியில் சாவதற்கும் நாள்கணக்கில் க்யூவில் நிற்பதற்கும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம்.

இங்கே நான் சொல்வது ஸ்லர்ம் என்ற ஷெட்யூலரைப் பற்றி. 2002-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. இன்று உலகின் பெரிய கணினிகள் பலவற்றில் இதுதான் ஓடுகிறது. இந்தியாவில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் நிறுவிய பரம் வரிசைக் கணினிகளிலும் இதுதான்: பெங்களூரு ஐஐஎஸ்சியில் இருக்கும் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் பரம் பிரவேகா, திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிவைத்த 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் எல்லாம் இதில் சேரும். உங்கள் இடத்தில் பிபிஎஸ் என்ற வேறு ஷெட்யூலர் இருந்தால் கட்டளைகளின் பெயர் மாறும், யோசிக்கும் முறை அப்படியே பொருந்தும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிக்கிறபடி தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஸ்லர்மின் முக்கியக் கட்டளைகள் எல்லாமே எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். அதற்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் ஒரு சொல் வரும்: எஸ்-பேட்ச், எஸ்-க்யூ, எஸ்-கேன்சல், எஸ்-இன்ஃபோ, எஸ்-ரன். எஸ்-அக்ட் மட்டும் அக்கவுன்ட் என்பதன் சுருக்கம்: ஏ, சி, சி, டி. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கட்டளையில் அந்தக் கோடு கிடையாது, எல்லாம் சிறிய எழுத்து. -- என்று தொடங்குபவற்றில் உள்ள கோடுகளை மட்டும் அப்படியே தட்டுங்கள்.

உள்ளே நுழைந்ததும்

தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்ததும் நீங்கள் இருக்கும் இடம் லாகின் நோட். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினியையும் நோட் என்பார்கள். கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் இதே கணினியில்தான் இருப்பார்கள். கோப்புகளைத் திருத்தலாம், நகலெடுக்கலாம், சின்ன நிரல்களைக் கம்பைல் செய்யலாம், ஜாப் போடலாம். கணக்கீட்டை மட்டும் இங்கே ஓட்டாதீர்கள். நீங்கள் 16 த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் 16 கிளைகளாக) ஒன்றை ஓட்டிவிட்டால், பக்கத்து ஆய்வகத்தில் ஒருவருக்குக் கோப்பைத் திறக்கவே அரை நிமிடம் ஆகும். பல மையங்களில் அப்படி ஓடும் நிரலை நிர்வாகிகள் நிறுத்திவிடுவார்கள். அதற்கென்றே தானியங்கி ஏற்பாடு வைத்திருப்பவர்களும் உண்டு.

அடுத்து, தரவை எங்கே வைப்பது? ஹோம் ஃபோல்டரில் இடம் குறைவு. ஸ்கிராட்ச் என்ற பகுதியில் இடம் அதிகம், வேகமும் அதிகம், ஆனால் பெரும்பாலான மையங்களில் அதற்கு பேக்கப் கிடையாது; பல நாள் தொடாத கோப்புகளை அழித்துவிடவும் செய்வார்கள். ஸ்கிரிப்டுகள் ஹோமில், பெரிய தரவு ஸ்கிராட்சில், முடிவுகள் வந்ததும் உடனே உங்கள் சொந்த வட்டில். இந்தப் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளைக் கொண்டுபோக ஆர்-சிங்க் நல்லது. பாதியில் இணைப்பு அறுந்தாலும் மறுபடி கொடுத்தால் போய்ச் சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் அனுப்பும்.

இப்போது எஸ்-இன்ஃபோ என்று தட்டிப் பாருங்கள். ஒரு சின்ன அட்டவணை வரும். முதல் பத்தியில் பார்ட்டிஷன்களின் பெயர். ஒரே வகை நோட்களைச் சேர்த்து வைத்த குழு என்று பார்ட்டிஷனை வைத்துக்கொள்ளலாம்: சாதாரணமானது, மெமரி அதிகமுள்ளது, ஜிபியு உள்ளது என்று தனித்தனியாக இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், நீங்கள் எதையும் குறிப்பிடாதபோது ஜாப் போகும் இடம் அது. டைம்லிமிட் பத்தி, அந்தப் பார்ட்டிஷனில் ஒரு ஜாப் அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதைச் சொல்லும். ஸ்டேட் பத்தியில் ஐடில் என்றால் காலி, மிக்ஸ் என்றால் பாதி காலி, அலாக் என்றால் முழுக்க நிரம்பிவிட்டது. டவுன், டிரெய்ன் என்று இருப்பவை பழுதிலோ பராமரிப்பிலோ இருக்கின்றன. அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

மென்பொருள்களை மாட்யூல் என்ற ஏற்பாட்டில் வைத்திருப்பார்கள். "மாட்யூல் அவெய்ல்" பட்டியலைக் காட்டும், "மாட்யூல் லோட்" எடுத்துத் தரும். லோட் செய்யும்போது பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். எண் இல்லாமல் எழுதினால் அன்றைக்கு எது இயல்பாக இருக்கிறதோ அது வரும். ஆறு மாதம் கழித்து ஆய்வுக் கட்டுரை எழுதும்போது எந்தப் பதிப்பில் ஓட்டினோம் என்று தேட வேண்டியிருக்கும்.

ஸ்கிரிப்ட்

ஓர் உண்மையான வேலையை எடுத்துக்கொள்வோம். மரபணு வரிசைத் துண்டுகளை மனித ஜீனோமோடு பொருத்தி, வரிசைப்படுத்தி, ஒரு பாம் கோப்பாக (பொருத்திய துண்டுகளைச் சேமிக்கும் வடிவம்) எழுத வேண்டும். பொருத்துவதற்கு பிடபிள்யூஏ, வரிசைப்படுத்த சாம்டூல்ஸ். ஒரு மாதிரிக்கான ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்:

#!/பின்/பாஷ்
#எஸ்பேட்ச் --ஜாப்-நேம்=அலைன்
#எஸ்பேட்ச் --பார்ட்டிஷன்=ஸ்டாண்டர்ட்
#எஸ்பேட்ச் --நோட்ஸ்=1
#எஸ்பேட்ச் --என்டாஸ்க்ஸ்=1
#எஸ்பேட்ச் --சிபியூஸ்-பெர்-டாஸ்க்=8
#எஸ்பேட்ச் --மெம்=24ஜி
#எஸ்பேட்ச் --டைம்=06:00:00
#எஸ்பேட்ச் --அவுட்புட்=லாக்/அலைன்_%ஜே.அவுட்

மாட்யூல் லோட் பிடபிள்யூஏ/<பதிப்பு> சாம்டூல்ஸ்/<பதிப்பு>
செட் -இ -ஓ பைப்ஃபெயில்
பிடபிள்யூஏ மெம் -டி 6 ரெஃப்.எஃப்ஏ மாதிரி01_1.எஃப்க்யூ மாதிரி01_2.எஃப்க்யூ | சாம்டூல்ஸ் சார்ட் -@ 2 -ஓ மாதிரி01.பாம் -

முதல் வரி இல்லாவிட்டால் ஸ்லர்ம் ஸ்கிரிப்டை வாங்கவே வாங்காது. அடுத்துள்ள வரிகளில் ஹாஷ் குறியை ஒட்டி, இடைவெளி விடாமல், எஸ்பேட்ச் என்பதை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஸ்கிரிப்டை வரிவரியாக ஓட்டும் ஷெல்லான பாஷ் இவற்றை வெறும் குறிப்பாக நினைத்துத் தாண்டிவிடும். ஸ்லர்ம் மட்டும்தான் படிக்கும். முதல் உண்மையான கட்டளை வந்ததும் ஸ்லர்ம் படிப்பதை நிறுத்திவிடும். மாட்யூல் லோட் வரிக்குக் கீழே ஓர் எஸ்பேட்ச் வரி எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது, அந்த வரிக்கு மதிப்பும் இருக்காது. "மெமரி 64 ஜிபி கேட்டேனே, ஏன் செத்தது?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது அந்த வரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். அதேபோல, இந்த வரிகளுக்குள் பாஷ் மாறிகள் வேலை செய்யாது. டாலர் குறி போட்டு எழுதினால் அது அப்படியே எழுத்தாகத்தான் போகும்.

அவுட்புட் வரியில் %ஜே என்பதற்குப் பதிலாக ஜாப் எண் வந்து உட்காரும். திரையில் வர வேண்டிய எல்லாம், பிழைச் செய்தி உட்பட, இந்தக் கோப்புக்குத்தான் போகும். ஆனால் லாக் என்ற ஃபோல்டரை ஸ்லர்ம் உருவாக்கித் தராது. அது முன்பே இல்லாவிட்டால் ஜாப் தொடங்கியதும் விழுந்துவிடும், ஏன் விழுந்தது என்று எழுதிவைக்கவும் இடம் இருக்காது. லாக் கோப்பே வராமல் ஒரு ஜாப் மறைந்துபோனால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும்.

செட் என்று தொடங்கும் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். கடைசிக் கட்டளை எப்படி முடிந்ததோ அதை வைத்துத்தான் ஜாப் வெற்றியா தோல்வியா என்று ஸ்லர்ம் முடிவுசெய்கிறது. பிடபிள்யூஏ பாதியில் செத்து, சாம்டூல்ஸ் வந்தவரைக்கும் வரிசைப்படுத்திவிட்டு அமைதியாக முடிந்தால், கம்ப்ளீட்டட் என்றுதான் பதிவாகும். பாம் கோப்பும் இருக்கும், உள்ளே பாதித் தரவுதான் இருக்கும். இப்படிப்பட்ட கோப்பு அடுத்தடுத்த பகுப்பாய்வு வரை யார் கண்ணிலும் படாமல் போய்விடும். இந்த ஒரு வரி இருந்தால், குழாயில், அதாவது | குறியால் கோத்த கட்டளைகளில், எந்தக் கண்ணி உடைந்தாலும் ஜாப் தோல்வி என்று பதிவாகும்.

எவ்வளவு கேட்பது

முதலில் கோர். என்டாஸ்க்ஸ், சிபியூஸ்-பெர்-டாஸ்க் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்பாதவர்கள் குறைவு. ஒரே நிரல் பல த்ரெட்களாகப் பிரிந்து ஓடினால், என்டாஸ்க்ஸ் 1, சிபியூஸ்-பெர்-டாஸ்க் 8. எம்பிஐ முறையில் எழுதிய நிரல் என்றால், அதாவது பல தனித்தனிப் பிரதிகளாக ஓடித் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் நிரல் என்றால், என்டாஸ்க்ஸ்தான் கூட வேண்டும். ஒரு நோட்டில் அடங்காத வேலையை எம்பிஐ போன்ற முறையில் எழுதிய நிரல்தான் பல நோட்களில் பரப்ப முடியும். சாதாரணப் பைத்தான் நிரலுக்கு நான்கு நோட் கேட்டால், மூன்று நோட் வேலையே இல்லாமல் உங்கள் பெயரில் பூட்டிக் கிடக்கும்.

கோர் கேட்டதால் மட்டும் நிரல் அத்தனை கோரையும் பயன்படுத்திவிடாது. நிரலுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே பிடபிள்யூஏ-வுக்கு -டி 6, சாம்டூல்ஸுக்கு -@ 2 என்று கொடுத்தது அதற்குத்தான். குழாயின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுவதால் இரண்டுக்கும் 8, 8 என்று கொடுத்தால் 8 கோரில் 16 த்ரெட்கள் முட்டிக்கொள்ளும். ஓப்பன்எம்பி என்ற த்ரெட் முறையில் எழுதிய நிரல்களுக்கு த்ரெட் எண்ணிக்கையைச் சூழல் மாறி வழியாகச் சொல்வார்கள். அதற்குக் கையால் எண் எழுதாமல், ஸ்லர்ம் தரும் ஸ்லர்ம்_சிபியூஸ்_பெர்_டாஸ்க் (முழுக்கப் பெரிய எழுத்து) மாறியையே கொடுத்துவிட்டால் மேலே ஒரு வரியை மாற்றும்போது கீழேயும் தானாக மாறும்.

மெமரி. --மெம் என்பது ஒரு நோட்டுக்கான அளவு. எண்ணுக்குப் பின்னால் ஜி போடாவிட்டால் ஸ்லர்ம் அதை மெகாபைட் என்று எடுத்துக்கொள்ளும். 24 என்று மட்டும் எழுதினால் 24 மெகாபைட்டில் நிரல் தொடங்கும்போதே செத்துவிடும். ஒவ்வொரு நிரலுக்கும் அதற்கே உரிய மெமரிக் கணக்கு உண்டு. சாம்டூல்ஸ் சார்ட் இயல்பாக த்ரெட் ஒன்றுக்கு 768 மெகாபைட் எடுக்கும். த்ரெட்டைக் கூட்டினால் மெமரியும் கூடும். இது தெரியாமல் வேகம் வேண்டும் என்று த்ரெட்டை ஏற்றிவிட்டு, மெமரி போதாமல் ஜாப் செத்தால் காரணம் புரியாது.

நேரம். இங்கே எழுதும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. 30 என்று மட்டும் எழுதினால் 30 நிமிடம். 2:00 என்று எழுதினால் இரண்டு மணி நேரம் அல்ல, இரண்டு நிமிடம். மணி வேண்டும் என்றால் 02:00:00 என்று மூன்று பகுதியும் எழுதுங்கள். மூன்று நாள் என்றால் 3-00:00:00. கேட்ட நேரம் முடிந்ததும் ஸ்லர்ம் நிரலுக்கு ஒரு நிறுத்தக் குறி அனுப்பும், கொஞ்ச நேரம் பொறுக்கும், இயல்பு அமைப்பில் 30 விநாடி, அப்புறம் கொன்றுவிடும். 99 சதவீதம் முடிந்திருந்தாலும் அதே கதிதான்.

அப்படியானால் எப்போதும் அதிகபட்ச நேரத்தைக் கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் காத்திருப்பு கூடும். ஸ்லர்ம் பெரும்பாலான இடங்களில் பேக்ஃபில் என்ற முறையில் இயங்குகிறது. ஹோட்டலில் பத்துப் பேர் கொண்ட குடும்பம் சேர்ந்து உட்கார மேசைகள் காலியாகக் காத்திருக்கும்போது, நடுவில் காலியான ஒரு மேசையில் காபி மட்டும் குடித்துவிட்டு எழப்போகிறவரை உட்காரவைப்பார்களே, அதே கணக்கு. ஒரு பெரிய ஜாப்புக்காக நோட்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருக்கும் இடைவெளியில், அந்தப் பெரிய ஜாப்பைத் தாமதப்படுத்தாமல் முடிந்துவிடக்கூடிய சின்ன ஜாப்களை ஸ்லர்ம் நுழைத்துவிடும். மூன்று மணி நேரத்தில் முடியும் ஜாப்புக்கு மூன்றரை மணி என்று கேட்டவருக்கு அந்த இடைவெளி கிடைக்கும். அதே ஜாப்புக்கு நான்கு நாள் கேட்டவருக்குக் கிடைக்காது. ஸ்லர்முக்கு உங்கள் நிரலைப் பற்றி எதுவும் தெரியாது, நீங்கள் எழுதிய எண் மட்டும்தான் தெரியும்.

முதல் தடவை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதிரியை மட்டும் தாராளமாகக் கேட்டு ஓட்டுங்கள். முடிந்ததும் அளந்து பாருங்கள். மீதி 59-க்கு அந்த அளவை வைத்துக் கேளுங்கள்.

போடுவதும் பார்ப்பதும்

ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்குள் போய், "எஸ்-பேட்ச் --டெஸ்ட்-ஒன்லி அலைன்.எஸ்ஹெச்" என்று கொடுங்கள். ஜாப்பை அனுப்பாமல், கேட்டது செல்லுமா, இப்போது போட்டால் எப்போது தொடங்கலாம் என்று மட்டும் சொல்லும். பார்ட்டிஷன் பெயர் தப்பு, நேரம் வரம்புக்கு மேல் என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். சரி என்றால் டெஸ்ட்-ஒன்லி இல்லாமல் கொடுங்கள். "சப்மிட்டட் பேட்ச் ஜாப் 731204" என்பதுபோல ஒரு வரி வரும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்லர்மில் ஜாப் எந்த ஃபோல்டரில் நின்று போட்டீர்களோ அங்கேயே ஓடும். பிபிஎஸ்ஸிலிருந்து வருபவர்களுக்கு இது வித்தியாசமாக இருக்கும். அங்கே ஹோமில் தொடங்கும்.

"எஸ்-க்யூ --மீ" உங்கள் ஜாப்களை மட்டும் காட்டும். பழைய பதிப்பாக இருந்து இது எடுபடாவிட்டால் -யூ போட்டு உங்கள் பயனர் பெயரைக் கொடுங்கள். எஸ்டி என்ற பத்தியில் பிடி என்றால் காத்திருக்கிறது, ஆர் என்றால் ஓடுகிறது, சிஜி என்றால் முடிந்துகொண்டிருக்கிறது. பிடி என்று இருக்கும்போது கடைசிப் பத்தியைப் பாருங்கள். அடைப்புக்குள் காரணம் இருக்கும், அதைப் படிக்காமல் கவலைப்பட வேண்டாம்.

ரிசோர்சஸ் என்றால் உங்கள் முறை கிட்டத்தட்ட வந்துவிட்டது, இடம் காலியாக வேண்டும், அவ்வளவுதான். பிரையாரிட்டி என்றால் உங்களுக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஜாப்பை ரத்து செய்துவிட்டு மறுபடி போட்டால் சீக்கிரம் ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. காத்திருந்த நேரமும் முன்னுரிமைக் கணக்கில் சேரும் இடங்களில், மறுபடி போட்டால் அதை இழந்துவிடுவீர்கள். கியூஓஎஸ், அசோக் என்று தொடங்கும் நீண்ட பெயர்கள் வந்தால், உங்களுக்கோ உங்கள் குழுவுக்கோ வைத்திருக்கும் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள்; ஏற்கெனவே ஓடுபவை முடிந்தால் தானாக நகரும். ரெக்-நோட்-நாட்-அவெய்ல் என்று வந்தால் பெரும்பாலும் பராமரிப்பு நாள் நெருங்குகிறது என்று பொருள். நீங்கள் கேட்ட நேரம் அந்த நாளுக்குள் முடியாது என்பதால் ஸ்லர்ம் தொடங்க மறுக்கிறது. நேரத்தைக் குறைத்துக் கேட்டால் இப்போதே ஓடிவிடலாம்.

"எஸ்-க்யூ --மீ --ஸ்டார்ட்" உத்தேசமான தொடக்க நேரத்தைத் தரும். மற்றவர்களின் ஜாப்கள் சீக்கிரம் முடிந்தால் அதற்கு முன்பே ஓடும், முன்னுரிமை கூடிய ஜாப் வந்தால் தள்ளிப்போகும். ஒவ்வொரு விநாடியும் எஸ்-க்யூ ஓடும்படி வைத்துவிடாதீர்கள். எல்லோருடைய கேள்விக்கும் ஒரே சர்வர்தான் பதில் சொல்கிறது. முடிந்ததும் மின்னஞ்சல் வேண்டும் என்றால் --மெயில்-டைப்=எண்ட்,ஃபெயில் என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும், அந்த வசதி உங்கள் மையத்தில் இருந்தால்.

தப்பாகப் போட்டுவிட்டால் எஸ்-கேன்சல், பின்னால் ஜாப் எண்.

அளந்து பார்ப்பது

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிவிடுகிறார்கள். ஜாப் முடிந்ததும் எஸ்-எஃப் என்று கொடுத்துப் பாருங்கள். எழுத்துகள் எஸ், இ, எஃப், எஃப். பின்னால் ஜாப் எண். கேட்ட மெமரியில் எவ்வளவு பயன்பட்டது, கோர்கள் எவ்வளவு நேரம் உண்மையில் வேலை செய்தன என்று சதவீதமாகச் சொல்லும். 8 கோர் கேட்டு சிபியூ செயல்திறன் 12 சதவீதம் என்று வந்தால், ஒரே ஒரு கோர்தான் வேலை செய்திருக்கிறது. த்ரெட் எண்ணிக்கையை நிரலுக்குச் சொல்ல மறந்திருப்பீர்கள், அல்லது நிரலுக்கே த்ரெட் தெரியாது.

எஸ்-எஃப் எல்லா இடத்திலும் இருக்காது. எஸ்-அக்ட் இருக்கும். -ஜே போட்டு ஜாப் எண்ணையும், --ஃபார்மட் போட்டு ஜாப்ஐடி, ஸ்டேட், எலாப்ஸ்டு, ரெக்மெம், மேக்ஸ்ஆர்எஸ்எஸ் ஆகியவற்றையும் கேளுங்கள். ஒரே ஜாப்புக்கு இரண்டு மூன்று வரி வரும். மேக்ஸ்ஆர்எஸ்எஸ், அதாவது உண்மையில் எடுத்த அதிகபட்ச மெமரி, முதல் வரியில் காலியாக இருக்கும். ஜாப் எண்ணுக்குப் பின்னால் புள்ளி பேட்ச் என்று முடியும் வரியில் பாருங்கள். இந்த அளவை ஸ்லர்ம் குறிப்பிட்ட இடைவெளியில்தான் எடுக்கிறது, இயல்பு அமைப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை. நடுவில் ஒரு கணம் மெமரி ஏறி இறங்கியிருந்தால் அது பதிவாகாமல் போகலாம். அதனால் வந்த எண்ணுக்குமேல் ஐந்தில் ஒரு பங்காவது சேர்த்துக் கேளுங்கள். நமது உதாரணத்தில் 12 ஜிபி பயன்பட்டு, 2 மணி 20 நிமிடத்தில் முடிந்திருந்தால், அடுத்த தடவை 15 ஜிபி, மூன்றரை மணி என்று எழுதுவேன். மாதிரிக்கு மாதிரி கோப்பின் அளவு பெரிதாக மாறும் என்றால் எல்லாவற்றிலும் பெரிய மாதிரியை முதலில் ஓட்டி அளப்பதே பாதுகாப்பு.

நீங்கள் கேட்டு வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மெமரி அந்த நேரம் முழுக்க வேறு யாருக்கும் கிடைக்காது. பல மையங்களில் கேட்ட அளவுதான் உங்கள் குழுவின் கணக்கில் ஏறும், பயன்படுத்திய அளவு அல்ல. கணக்கு ஏறினால் அடுத்தடுத்த ஜாப்களுக்கு முன்னுரிமை இறங்கும். உங்களால் உங்கள் ஆய்வகத்தில் இன்னொருவரின் ஜாப்பும் பின்னால் போகும்.

60 மாதிரிகளும் ஒன்றாக

60 ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம். எஸ்-பேட்சை ஒரு சுற்றுக்குள் வைத்து 60 தடவை ஓட்டவும் வேண்டாம். அர்ரே ஜாப் இதற்காகவே இருக்கிறது. ஸ்கிரிப்டில் ஒரு வரி:

#எஸ்பேட்ச் --அர்ரே=1-60%10

1 முதல் 60 வரை அறுபது பணிகள். சதவீதக் குறிக்குப் பின்னால் வரும் 10, ஒரே நேரத்தில் பத்துக்குமேல் ஓட வேண்டாம் என்று சொல்வது. ஒவ்வொரு பணிக்கும் ஸ்லர்ம்_அர்ரே_டாஸ்க்_ஐடி (இதுவும் முழுக்கப் பெரிய எழுத்து) என்ற மாறியில் அதன் எண் கிடைக்கும். மாதிரிப் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, செட் என்ற பழைய யூனிக்ஸ் கருவியால், எழுத்துகள் எஸ், இ, டி, அந்த எண்ணுள்ள வரியை மட்டும் எடுத்து ஒரு மாறியில் வைத்துவிட்டால், கீழே மாதிரி01 என்று எழுதிய இடமெல்லாம் அந்த மாறி வரும். அவுட்புட் வரியில் %ஜே-வுக்குப் பதிலாக %ஏ_%ஏ என்று மாற்றுங்கள்: முதல் ஏ பெரிய எழுத்து, அது ஜாப் எண், இரண்டாவது சிறிய எழுத்து, அது பணி எண்.

கோர், மெமரி, நேரம் எல்லாம் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி. புதியவர்கள் 60-க்கும் சேர்த்து என்று நினைத்து 900 ஜிபி கேட்டுவிடுகிறார்கள்; அப்படி ஒரு நோட் இல்லாததால் ஸ்லர்ம் மறுத்துவிடும். பார்ட்டிஷனில் அவ்வளவு பெரிய நோட் இருந்துவிட்டால் இன்னும் மோசம், 60 பணிகளும் அந்த ஒரு நோட்டுக்காக வரிசையில் நிற்கும்.

17-ம் 42-ம் மட்டும் தோற்றுப்போனால் ஸ்கிரிப்டைத் தொட வேண்டியதில்லை. "எஸ்-பேட்ச் --அர்ரே=17,42 அலைன்.எஸ்ஹெச்" என்று கட்டளையிலேயே கொடுங்கள். கட்டளையில் கொடுப்பது ஸ்கிரிப்டுக்குள் இருப்பதை வெல்லும். இதே முறையில் மெமரியை மட்டும் ஏற்றியும் மறுபடி போடலாம்.

எல்லாம் முடிந்த பிறகு முடிவுகளைத் தொகுக்கும் ஒரு ஜாப் இருந்தால், --டிபெண்டென்சி=ஆஃப்டர்ஓகே:731204 என்று, அந்த எண்ணின் இடத்தில் உங்கள் அர்ரே ஜாப்பின் எண்ணைப் போட்டு, சேர்த்து இப்போதே போட்டுவிடலாம். அறுபதும் வெற்றியாக முடிந்தால்தான் அது தொடங்கும். ஒன்று தோற்றாலும் க்யூவிலேயே டிபெண்டென்சி-நெவர்-சாட்டிஸ்ஃபைடு என்று நின்றுவிடலாம். அப்போது நீங்களே எடுத்துவிட வேண்டும்.

ஓடாதபோது

லாக் கோப்பின் கடைசி இருபது வரியைப் படியுங்கள். பெரும்பாலான பதில்கள் அங்கேயே இருக்கும். அவுட்-ஆஃப்-மெமரி என்று எஸ்-அக்ட் சொன்னால் மெமரியை ஏற்றுங்கள். டைம்அவுட் என்றால் நேரத்தை. தொடங்கிய சில விநாடிகளில் விழுந்தால் பெரும்பாலும் கோப்புப் பாதையோ மாட்யூல் பெயரோ தப்பு.

விண்டோஸில் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் என்றால், டாஸ் லைன் பிரேக் என்று சொல்லி எஸ்-பேட்ச் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒவ்வொரு வரி முடிவிலும் இருக்கும். டாஸ்2யூனிக்ஸ் என்ற கட்டளையை அந்தக் கோப்பின்மேல் ஓட்டினால் சரியாகிவிடும். மென்பொருள்களை நாமே நிறுவிக்கொள்ள உதவும் கான்டாவின் சூழல் லாகின் நோட்டில் வேலை செய்து ஜாப்பில் மட்டும் மறுத்தால், ஜாப் ஓடும் ஷெல் உங்கள் பாஷ்-ஆர்சி கோப்பைப் படிக்காததுதான் காரணம். கான்டா நிறுவிய இடத்தில் உள்ள கான்டா.எஸ்ஹெச் கோப்பை ஸ்கிரிப்டிலேயே சோர்ஸ் செய்துவிட்டு, அதன் பிறகு ஆக்டிவேட் செய்யுங்கள்.

எதுவும் புரியாதபோது ஜாப்கள் ஓடும் நோட்டுக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். "எஸ்-ரன் --பிடிஒய் பாஷ்" என்பதோடு நேரம், மெமரி, கோர் சேர்த்துக் கொடுத்தால் ஒரு நோட்டில் உங்களுக்கு ஷெல் திறக்கும். ஸ்கிரிப்டின் வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். முடிந்ததும் எக்ஸிட் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். திறந்தே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் உங்கள் கணக்கில்தான்.

அதற்குப் பிறகும் தீராவிட்டால் உதவிக் குழுவுக்கு எழுதத் தயங்காதீர்கள். "என் ஜாப் ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்கள் கேள்வி கேட்டே ஒரு நாள் போய்விடும். ஜாப் எண், ஸ்கிரிப்டின் முழுப் பாதை, லாக் கோப்பின் பாதை, பிழைச் செய்தி எழுத்து மாறாமல், இதற்கு முன்பு எப்போதாவது இதே ஸ்கிரிப்ட் ஓடியதா, அதன்பின் என்ன மாற்றினீர்கள். இவ்வளவும் முதல் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். திரையைப் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். அதை அவர்கள் அப்படியே நகலெடுத்துத் தேடலாம்.